நோட் ஜேஎஸ்ஸில் ஹெச்டிடிபிஎஸ் சர்வர்: ஏற்காட்டு விடுதிப் பக்கத்துக்காகச் செய்தது, முதல் முறை செய்பவர்களுக்காக

ஏற்காட்டில் என் தாய்மாமா தன் வீட்டு மாடியில் மூன்று அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அதற்கு வலைப்பக்கம் நான்தான் நோட் ஜேஎஸ்ஸில், அதாவது ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓட்டும் கருவியில், எழுதிக் கொடுத்தேன். அறைப் படங்கள், வாடகை, முன்பதிவுப் படிவம், கூடவே "நான் இருக்கும் இடத்திலிருந்து வழி காட்டு" என்று ஒரு பொத்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் ஏரிக்குப் பக்கத்தில் வந்ததும் வழி தெரியாமல் மாமாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள், அதற்காகத்தான் அந்தப் பொத்தான். சேலத்தில் என் லேப்டாப்பில் நன்றாக வேலை செய்தது. சர்வரில் ஏற்றி மாமாவின் போனில் திறந்தால், அமுக்க அமுக்க ஒன்றும் நடக்கவில்லை. அனுமதி கேட்கும் பெட்டிகூட வரவில்லை.

என் ஜாவாஸ்கிரிப்ட்டில் பிழை என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். பிழை அங்கே இல்லை. பக்கம் ஹெச்டிடிபியில், அதாவது போகிற தகவலை வழியில் யாரும் படிக்கக்கூடிய முறையில், போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதே தகவலைக் குறியாக்கி, வழியில் யாருக்கும் புரியாதபடி அனுப்புவதுதான் ஹெச்டிடிபிஎஸ். 2016-இல் வந்த குரோம் 50-இலிருந்தே பாதுகாப்பில்லாத பக்கத்துக்கு இருப்பிடத் தகவலைக் கொடுப்பதில்லை. கேமரா, மைக், பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்டான சர்வீஸ் ஒர்க்கர் எல்லாவற்றுக்கும் இதே விதி. ஆனால் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரிக்கு, அதாவது அதே கம்ப்யூட்டரில் ஓடும் பக்கத்துக்கு மட்டும் பிரவுசர்கள் விலக்கு தருகின்றன, அதனால்தான் லேப்டாப்பில் ஓடுகிற பக்கம் போனில் நின்றுவிடுகிறது. புதிதாக எழுதுகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதோடு 2018 ஜூலையில் வந்த குரோம் 68 முதல், ஹெச்டிடிபி பக்கம் எதுவாக இருந்தாலும் முகவரிப் பட்டையில் பாதுகாப்பானது அல்ல என்று எழுதிவிடுகிறது. முன்பணம் கட்ட வருகிற ஒருவர் அதைப் பார்த்தால் என்ன செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளையும் பெயர்களையும் நான் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது புரிந்தால்தான் அது உடையும்போது சரிசெய்ய முடியும், ஆகையால் அதைச் சொல்வதில்தான் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

சான்றிதழ் என்றால் என்ன

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பட்டறைக்காரர் தன் முத்திரையைத் தானே குத்திக்கொள்ளலாம், அவரைத் தெரிந்தவர்கள் அதை நம்புவார்கள். ஹால்மார்க் என்பது வேறு. பட்டறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மையம் வெள்ளியைச் சோதித்துவிட்டுக் குத்துவது, அதனால் வெளியூர்க்காரரும் நம்பி வாங்குவார். சர்வரிலும் இப்படித்தான். நீங்களே உங்களுக்குக் கையெழுத்திட்டுக்கொள்ளும் சான்றிதழ் உண்டு, அதைச் சுயகையொப்பச் சான்றிதழ் என்று சொல்லலாம். பிரவுசர்கள் ஏற்கனவே நம்புகிற ஒரு சான்றிதழ் நிறுவனம் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் உண்டு. இரண்டிலும் குறியாக்கம் ஒன்றுதான், ஒரே வலுவுள்ளதுதான். வித்தியாசம், பேசிக்கொண்டிருப்பது உங்கள் சர்வரோடுதான் என்பதற்கு வேறு யாராவது சாட்சி சொல்கிறார்களா என்பதில் இருக்கிறது.

உங்கள் கையில் இரண்டு பொருள் இருக்கும், ஒன்று ரகசியச் சாவி, இன்னொன்று சான்றிதழ். பலரும் சான்றிதழைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சான்றிதழ் ரகசியமே இல்லை. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் சர்வர் அதைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. சாவிதான் சர்வரை விட்டு எங்கேயும் போகக் கூடாது, மெயிலில் கூடாது, நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் கூடவே கூடாது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஹெச்டிடிபிஎஸ்ஸில் குறியாக்கத்தைச் செய்கிற எஸ்எஸ்எல் என்ற முறை 1990களில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது, ஜாவாஸ்கிரிப்ட்டும் 1995-இல் அதே நிறுவனத்தில்தான் பிறந்தது. 1999-இல் எஸ்எஸ்எல் டிஎல்எஸ் என்று பெயர் மாறியது. இன்று ஓடுவது டிஎல்எஸ் 1.2, அப்புறம் 2018-இல் வந்த 1.3. பழைய 1.0-ஐயும் 1.1-ஐயும் 2021-இல் முறைப்படி ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் பேச்சில் இன்னும் எல்லோரும் எஸ்எஸ்எல் என்றே சொல்கிறோம், பரவாயில்லை.

முதலில் லேப்டாப்பில்

நேராகச் சர்வருக்குப் போகாதீர்கள். லேப்டாப்பில் நோட் ஜேஎஸ்ஸும், சாவியும் சான்றிதழும் உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியும் இருந்தால் போதும், பத்து நிமிட வேலை.

ஓப்பன்எஸ்எஸ்எல் ரெக் என்ற கட்டளையில் எக்ஸ்509, நியூகீ ஆர்எஸ்ஏ 2048, நோட்ஸ், டேஸ் 365 என்ற விருப்பங்களைக் கொடுத்து, கீஅவுட் என்பதில் கீ.பெம் என்றும் அவுட் என்பதில் செர்ட்.பெம் என்றும் கோப்புப் பெயர் கொடுங்கள். நோட்ஸ் என்பதற்கும் நோட் ஜேஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை, சாவிக்குக் கடவுச்சொல் போடாதே என்று அர்த்தம். இன்னொரு விருப்பத்தையும் சேருங்கள்: ஆட்எக்ஸ்ட் என்று போட்டு, சப்ஜெக்ட்ஆல்ட்நேம் சமம் டிஎன்எஸ் முக்காற்புள்ளி லோக்கல்ஹோஸ்ட். பழைய கட்டுரைகளில் இது இருக்காது. காமன் நேம் என்ற கட்டத்தில் பெயர் போட்டால் போதும் என்று அவற்றில் எழுதியிருக்கும், ஆனால் 2017-இல் வந்த குரோம் 58 முதல் அந்தக் கட்டத்தைப் பிரவுசர் பார்ப்பதே இல்லை.

இப்போது நிரல். சர்வர்.ஜேஎஸ் என்று ஒரு கோப்பு. அதில் முதல் இரண்டு வரி ஹெச்டிடிபிஎஸ், எஃப்எஸ் என்ற இரண்டு மாட்யூல்களையும் ரிக்வயர் செய்வது. இரண்டுமே நோட்டுக்குள்ளேயே இருக்கின்றன, என்பிஎம்மில் எதையும் இறக்க வேண்டாம். அடுத்து ஒரு ஆப்ஜெக்ட். அதில் கீ என்ற பெயருக்கு எஃப்எஸ்ஸின் ரீட்ஃபைல்சிங்க் மூலம் கீ.பெம்மின் உள்ளடக்கம், செர்ட் என்ற பெயருக்கு அதே வழியில் செர்ட்.பெம்மின் உள்ளடக்கம். கோப்பின் பெயரை அப்படியே ஸ்ட்ரிங்காகக் கொடுத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நோட் எதிர்பார்ப்பது பெயரை அல்ல, கோப்புக்குள் இருக்கிற எழுத்தை. அப்புறம் ஹெச்டிடிபிஎஸ்ஸின் கிரியேட்சர்வரை அழைத்து முதல் இடத்தில் அந்த ஆப்ஜெக்ட்டையும், இரண்டாவது இடத்தில் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் ஃபங்ஷனையும் கொடுத்து, திரும்பி வருவதை சர்வர் என்ற மாறிலியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும். கடைசியாக லிசன் 8443.

பதில் சொல்லும் ஃபங்ஷனில் ரைட்ஹெட் 200 என்று போடும்போது கன்டென்ட் டைப் தலைப்பையும் கொடுத்து, அதில் சார்செட் யூடிஎஃப் 8 என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் பிரவுசர் ஊகம் செய்யும், நீங்கள் அனுப்பிய "வணக்கம்" புரியாத குறிகளாக வந்து நிற்கும், சான்றிதழில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நோட்டில் வலைத்தளம் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் ஆப் டாட் லிசன் என்ற வரியை எடுத்துவிடுங்கள், அது ஹெச்டிடிபி சர்வரை மட்டும்தான் உருவாக்கும். கிரியேட்சர்வரின் இரண்டாவது இடத்தில் ஆப்பை அப்படியே கொடுத்தால் போதும், ரூட்டுகள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

நோட் சர்வர்.ஜேஎஸ் என்று ஓட்டி, பிரவுசரில் ஹெச்டிடிபிஎஸ் லோக்கல்ஹோஸ்ட் 8443-க்குப் போங்கள். உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல என்று எச்சரிக்கை வரும். பயப்படாதீர்கள், வரத்தான் வேண்டும். கொலுசில் சொந்த முத்திரை மட்டும்தானே இருக்கிறது. கூடுதல் விவரம் என்பதை அமுக்கித் தொடருங்கள். இது உங்கள் லேப்டாப்பில் மட்டும், நீங்களே உருவாக்கிய சான்றிதழுக்கு மட்டும் செய்ய வேண்டிய காரியம். வெளியில் எந்தத் தளத்திலும் இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

தினமும் இந்த எச்சரிக்கை தொல்லையாக இருந்தால் எம்கேசெர்ட் என்ற கருவி இருக்கிறது. அது உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு குட்டிச் சான்றிதழ் நிறுவனத்தை உருவாக்கி அதை நம்பச் செய்துவிடும், எச்சரிக்கை வராது. அது உருவாக்கும் ரூட் சாவியை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்; அதை வைத்திருப்பவர் உங்கள் லேப்டாப்பின் கண்ணுக்கு எந்த வங்கியாகவும் வேடம் போடலாம்.

இனி சர்வர்

முதலில் நான் சேலத்தில் வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை. வீட்டு பிராட்பேண்ட் பலவற்றில் உங்களுக்கென்று ஒரு பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும், அதனால் வெளியிலிருந்து வருகிறவர் உங்கள் கதவைத் தட்டவே முடியாது. ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டு மாலை முழுக்கப் போராடினாலும் பலன் இருக்காது. மாத வாடகைக்குச் சின்ன விபிஎஸ் ஒன்று, அதாவது இணையத்தில் எப்போதும் ஓடும் ஒரு சர்வர், எடுத்துவிடுங்கள், மூன்று அறை விடுதிக்கு இருப்பதிலேயே சிறியது போதும். அதில் உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன்.

டொமைன் வாங்கியதும், டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் ஏ ரெக்கார்டில் சர்வரின் ஐபியைப் போடுங்கள், டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டுக்கும் ஒன்று போடுங்கள். அங்கே நான்கு ஏ போட்ட ரெக்கார்டு ஏதாவது பழையதாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஐபிவி6 முகவரி. சான்றிதழ் கொடுப்பவர்கள் அது இருந்தால் முதலில் அதற்குத்தான் போவார்கள், அங்கே உங்கள் சர்வர் இல்லையென்றால் சோதனை தோற்கும், உங்கள் பிரவுசரிலோ எல்லாம் சரியாகத் தெரியும்.

போர்ட் 80, 443 இரண்டையும் திறந்து வையுங்கள். இதற்கு இரண்டு வாசல் இருக்கலாம், உபுண்டுவுக்குள் இருக்கிற யூஎஃப்டபிள்யூ ஒன்று, விபிஎஸ் கொடுத்தவர்களின் கன்சோலில் இருக்கிற ஃபயர்வால் இன்னொன்று. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்தால் வாசல் மூடியதாகவே இருக்கும்.

80-ஆம் வாசலில் யார் நிற்பது

ஹெச்டிடிபிஎஸ்தானே வேண்டும், 80 எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம். பழைய இணைப்பிலோ முகவரியை அரைகுறையாகத் தட்டியோ வருகிறவர்களை 443-க்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்தது, சான்றிதழ் சோதனை நடப்பது இந்த வாசலில்தான்.

அந்தச் சோதனை எப்படி என்றால், முகவரிச் சான்றுக்காக ஒருவர் உங்கள் வீட்டுக்கு ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதைப் போல. நாம் சான்றிதழ் வாங்கப்போகிற லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனம் உங்களுக்கு ஒரு சொல்லைக் கொடுக்கும். உங்கள் டொமைனில் டாட் வெல்நோன், அதற்குள் ஆக்மி சேலஞ்ச் என்ற பாதையில் அதை வைக்க வேண்டும். அவர்கள் வெளியிலிருந்து வந்து பார்ப்பார்கள். இருந்தால் அந்த டொமைன் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்வார்கள்.

ஆகவே நிரலில் இன்னொரு சர்வர், இம்முறை ஹெச்டிடிபி மாட்யூலின் கிரியேட்சர்வர், லிசன் 80. கோரிக்கையின் பாதை அந்த வெல்நோன் பாதையில் தொடங்கினால், நீங்கள் ஒதுக்கிய ஒரு ஃபோல்டரிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும். பாத் என்ற மாட்யூலின் பேஸ்நேம் வழியாகக் கோப்பின் பெயரை மட்டும் பிரித்து எடுங்கள். வந்த பாதையை அப்படியே ஒட்டினால், இரண்டு புள்ளி சாய்கோடு போட்டு ஒருவர் உங்கள் சர்வரின் வேறு கோப்புகளைப் படித்துவிட முடியும். மற்ற எல்லாப் பாதைக்கும் லொகேஷன் தலைப்பில் ஹெச்டிடிபிஎஸ், உங்கள் டொமைன், கோரிக்கையின் யூஆர்எல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். டொமைனை நீங்களே எழுதி வையுங்கள், கோரிக்கையில் வருகிற ஹோஸ்ட் தலைப்பை நம்பி ஒட்டாதீர்கள், அதில் வருகிறவர் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம்.

திருப்பி அனுப்பும்போது முதல் சில நாள் தற்காலிகம் என்று சொல்லும் 302 போட்டு வைத்து, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு நிரந்தரம் என்று சொல்லும் 301-க்கு மாற்றுங்கள். 301-ஐப் பிரவுசர் மனப்பாடம் செய்துகொள்ளும், தவறாகப் போட்டுவிட்டால் வந்தவர்களின் போனிலிருந்து அதை நீங்கள் அழிக்க முடியாது.

சான்றிதழ் வாங்குவது

லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது, லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு நடத்துகிறது, ஒரு பைசா வாங்குவதில்லை. சின்னக் கடைக்காரர்களிடம் வருடத்துக்கு இவ்வளவு என்று எஸ்எஸ்எல்லுக்குத் தனியாகப் பணம் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. இந்த வேலைக்கு அது தேவையில்லை என்று நான் துணிந்து சொல்வேன். பிரவுசர் இரண்டையும் ஒரே மாதிரிதான் நம்பும்.

இதற்கு உங்கள் நிரல் 80-இல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்கான அனுமதியைக் கீழே சொல்கிறேன், அதுவரை நிரலில் சுயகையொப்பச் சான்றிதழே இருக்கட்டும். லெட்ஸ் என்கிரிப்ட்டிடம் சான்றிதழ் வாங்கித் தரும் செர்ட்பாட் என்ற கருவியை ஸ்னாப் வழியாக நிறுவுங்கள். பிறகு சுடோ செர்ட்பாட் செர்ட்ஒன்லி, வெப்ரூட் விருப்பம், டபிள்யூ போட்டு ஃபோல்டரின் பாதை, டி போட்டு டொமைன், இன்னொரு டி போட்டு டபிள்யூடபிள்யூடபிள்யூ டொமைன். செர்ட்பாட் தன் கோப்பை நீங்கள் கொடுத்த பாதைக்குள் டாட் வெல்நோன், ஆக்மி சேலஞ்ச் என்று உள் ஃபோல்டர் போட்டுத்தான் வைக்கும், நிரலில் அந்த உள் பாதையைக் காட்டியிருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். ஸ்டாண்ட்அலோன் என்று ஒரு வழியும் இருக்கிறது, அதில் செர்ட்பாட்டே 80-இல் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் உங்கள் நிரலை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். நம் நிரல் எப்போதும் 80-இல் நிற்பதால் வெப்ரூட்தான் சரி.

முதல் முறை டிரைரன் என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை சோதனை தோற்றால் நிறுத்தி வைத்துவிடுவார்கள். அதே பெயர்களுக்கு 7 நாளில் 5 சான்றிதழுக்கு மேல் தரவும் மாட்டார்கள். டிரைரன் சோதனைச் சர்வரில் ஓடுவதால் அந்தக் கணக்கில் வராது. அது சரியாக ஓடியதும் அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், அப்போதுதான் உண்மையான சான்றிதழ் வரும்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் நம்புகிற சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன, யார் வேண்டுமானாலும் அவற்றைப் படிக்கலாம். சப்டொமைனுக்கு ரகசியத் திட்டத்தின் பெயரையோ அட்மின் என்றோ வைத்தால் ஊருக்கே தெரியும். புதுச் சான்றிதழைப் பார்த்த உடனே தானியங்கி நிரல்கள் வந்து கதவைத் தட்டிப் பார்க்கும், லாகில் எங்கெங்கோ பாதைகளைக் கேட்டு வரும் கோரிக்கைகளைக் கண்டு பதற வேண்டாம், ஆனால் கடவுச்சொல் இல்லாத அட்மின் பக்கத்தை மட்டும் விட்டு வைக்காதீர்கள்.

கோப்புகளும் அனுமதிகளும்

வெற்றி என்று வந்ததும் இடிசி, லெட்ஸ்என்கிரிப்ட், லைவ், உங்கள் டொமைன் என்ற ஃபோல்டரில் நான்கு பெம் கோப்புகள் இருக்கும். நமக்கு வேண்டியது பிரைவ்கீயும் ஃபுல்செயினும். பக்கத்திலேயே செர்ட்.பெம் என்று ஒன்று இருப்பதால், நிரலிலும் செர்ட் என்று இருப்பதால், கை தானாக அதற்குப் போகும். அதைப் போடாதீர்கள். செர்ட்.பெம்மில் உங்கள் சான்றிதழ் மட்டும் இருக்கிறது. ஃபுல்செயினில் அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்து இருக்கிறது. இடைநிலை இல்லாவிட்டால் லேப்டாப் குரோம் தானே போய்த் தேடி எடுத்துச் சமாளித்துவிடும், கர்ல் போன்ற கருவிகளும் பல மொபைல் செயலிகளும் சமாளிக்காது. எனக்கு நன்றாகத் திறக்கிறதே என்று நீங்கள் சொல்வீர்கள், அவருக்குத் திறக்காது, இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்வீர்கள்.

அந்த ஃபோல்டரை ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள யூசர், மட்டும்தான் படிக்க முடியும். அதற்காக நோட்டை ரூட்டாக ஓட்டிவிடாதீர்கள், உங்கள் நிரலில் ஒரு ஓட்டை இருந்தால் முழுச் சர்வரும் போய்விடும். நிரலுக்கென்று தனி யூசர் ஒன்றை உருவாக்கி, இரண்டு கோப்புகளையும் அந்த யூசரின் ஃபோல்டருக்கு நகல் எடுத்து, உரிமையை அவருக்கு மாற்றி, சிஎச்மாட் 600 போடுகிற நான்கு வரி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுங்கள். இதை லெட்ஸ்என்கிரிப்ட் ஃபோல்டருக்குள் ரினியூவல் ஹுக்ஸ், அதற்குள் டெப்ளாய் என்ற இடத்தில் வைத்து, ஓடுவதற்கான அனுமதியும் கொடுத்தால், சான்றிதழ் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் செர்ட்பாட் அதை ஓட்டும். முதல் முறை மட்டும் நீங்களே கையால் ஓட்டிவிடுங்கள்.

இப்போது 443-இல் ஓட்டினால் இஏசிசிஇஎஸ் என்ற பிழை வரும். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைச் சாதாரண யூசர் பிடிக்க முடியாது. செட்கேப் கட்டளையால் நோட்டுக்கே அந்த உரிமையைக் கொடுக்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருக்கும். வேலை செய்யும், ஆனால் நோட்டைப் புதுப்பித்ததும் உரிமை போய்விடும், ஆறு மாதம் கழித்து ஏன் நின்றது என்று தெரியாது. லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி ஓடவைக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் யூசர் வரிக்குக் கீழே ஆம்பியன்ட்கேபபிலிட்டீஸ் சமம் கேப் நெட் பைண்ட் சர்வீஸ் என்று ஒரு வரி போடுவது மேல். சிஸ்டம்டி இருந்தால் சர்வர் மறுதொடக்கம் ஆனாலும் உங்கள் நிரல் தானே எழுந்துகொள்ளும்.

இஏடிடிஆர்இன்யூஸ் வந்தால் அந்தப் போர்ட்டில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் தானாக நிறுவப்பட்ட அப்பாச்சி என்ற வெப் சர்வர். இஎன்ஓஇஎன்டி என்றால் கோப்பின் பாதை தவறு. கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச் என்றால் ஒரு சான்றிதழுக்கு வேறொன்றின் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நோட்டுக்கு முன்னால் நிறுத்திச் சான்றிதழை அதனிடம் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், ஒரே சர்வரில் இரண்டு மூன்று தளம் ஓடினால் நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஒரு முறையாவது நோட்டிலேயே செய்து பாருங்கள், அப்போதுதான் என்ஜின்எக்ஸ் உங்களுக்காக எதைச் செய்கிறது என்று தெரியும்.

எல்லாம் ஓடிய பிறகு ஸ்ட்ரிக்ட் டிரான்ஸ்போர்ட் செக்யூரிட்டி என்ற தலைப்பைப் பதிலில் சேருங்கள், இனி இந்தத் தளத்துக்கு ஹெச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் வா என்று பிரவுசரிடம் சொல்வது அது. மேக்ஸ்ஏஜ் முதலில் 300 விநாடி, ஒரு வாரம் பிரச்சினை இல்லையென்றால் 31536000, அதாவது ஒரு வருடம். டிஎல்எஸ் பதிப்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். நோட் 12-இலிருந்தே 1.2-க்குக் கீழே ஏற்பதில்லை, 1.3-உம் தானாகவே கிடைக்கும். பேசத் தொடங்குமுன் பிரவுசரும் சர்வரும் செய்துகொள்ளும் கைகுலுக்கல் 1.3-இல் ஒரே சுற்றில் முடிகிறது, 1.2-இல் இரண்டு சுற்று. சிக்னல் இழுத்துக்கொண்டிருக்கும் மலைப்பாதையில் அந்த ஒரு சுற்று தெரியத்தான் செய்யும்.

புதுப்பித்தல்

நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது இதைத்தான், அதனால் அவசரப்படாமல் படியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளைக்குத்தான். செர்ட்பாட் ஒரு நாளைக்கு இரண்டு முறை தானே எழுந்து பார்த்து, ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போது புதியதை வாங்கி வைத்துவிடும். அதோடு கவலை விட்டது என்று நினைத்தேன்.

மே மாதம், கோடை விழா நேரம், சனிக்கிழமை காலை. மூன்று அறையும் நிரம்ப வேண்டிய நாள். மாமா போன் செய்தார்: "மாப்ள, நம்ம பக்கத்தத் தொறந்தா ஏதோ செவப்பா எச்சரிக்கை வருதாம், முன்பணம் கட்டவே பயப்படறாங்க, என்னன்னு பாரு." சர்வருக்குள் போய்ப் பார்த்தால் சான்றிதழ் கோப்பு புத்தம் புதிதாக இருக்கிறது, இன்னும் இரண்டு மாத ஆயுள். வெளியிலிருந்து பார்த்தால் காலாவதி. அரை மணி நேரம் எனக்கு விளங்கவில்லை. அந்த ரீட்ஃபைல்சிங்க் வரி நிரல் தொடங்கும்போது ஒரு முறைதான் ஓடுகிறது. என் நிரல் மூன்று மாதமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வட்டில் புதுச் சான்றிதழ், நோட்டின் நினைவகத்தில் பழையது. மறுதொடக்கம் செய்த நொடியில் சரியாகிவிட்டது, அதற்குள் இரண்டு பேர் வேறு இடத்தில் அறை போட்டுவிட்டார்கள்.

எளிய தீர்வு, முன்னே சொன்ன டெப்ளாய் ஸ்கிரிப்ட்டின் கடைசியில் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் என்று உங்கள் சர்வீஸின் பெயரைப் போடுவது. இரண்டு நொடி பக்கம் நிற்கும், சின்னத் தளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நிற்கவே கூடாது என்றால், நோட் 11-இலிருந்து சர்வருக்கு செட்செக்யூர்கான்டெக்ஸ்ட் என்ற மெத்தட் இருக்கிறது. ப்ராசஸ் டாட் ஆன், சிக்ஹப் என்று கேட்டுக்கொண்டிருந்து, அந்தச் சைகை வந்ததும் இரண்டு கோப்புகளையும் மறுபடி படித்து, முன்பு எடுத்து வைத்த சர்வர் மாறிலியில் இந்த மெத்தடை அழைத்தால், அடுத்து வருகிற இணைப்பிலிருந்து புதுச் சான்றிதழ் போகும். சிஸ்டம்டி கோப்பில் எக்ஸெக்ரீலோட் வரியில் கில் ஹப் மெயின்பிஐடி என்று எழுதிவிட்டு, ஸ்கிரிப்ட்டில் ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ரீலோட் போடுங்கள்.

லெட்ஸ் என்கிரிப்ட் காலாவதிக்கு முன்னால் மெயில் அனுப்புவதை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது, ஆகவே காவலும் நம் வேலைதான். கோப்பைப் பார்க்காதீர்கள், ஓடுகிற சர்வரைப் பாருங்கள். இருபது வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும்: டிஎல்எஸ் மாட்யூலின் கனெக்ட்டில் ஹோஸ்ட், போர்ட் 443, சர்வர்நேம் மூன்றும் கொடுத்து, இணைந்ததும் கெட்பியர்செர்ட்டிஃபிகேட் என்று கேட்டால் வேலிட்டூ என்ற தேதி வரும், அதிலிருந்து இன்றைய தேதியைக் கழித்து 20 நாளுக்குக் கீழே போனால் உங்களுக்கு மெயிலோ டெலிகிராம் செய்தியோ அனுப்ப வேண்டும். இணைப்பே பிழை என்று வந்தாலும் அனுப்ப வேண்டும், ஏற்கனவே காலாவதி ஆகியிருந்தால் அப்படித்தான் வரும். இதை அந்த சர்வரில் வைக்காமல் வேறொரு கம்ப்யூட்டரில் தினமும் ஓடும்படி கிரானில் போடுங்கள், காவல்காரன் காவல் காக்கிற வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை.

இதைத் தள்ளிப் போட வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர்காரர்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, எந்த நிறுவனம் கொடுத்தாலும் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. வருடத்துக்கு ஒரு முறை கையால் மாற்றிக்கொள்ளலாம் என்ற வழக்கம் இனி ஓடாது.

சாவி தவறிப் போய் கிட்டில் ஏறிவிட்டால், கோப்பை அழித்து இன்னொரு கமிட் போட்டால் போதாது, வரலாற்றில் அது அப்படியே இருக்கும். செர்ட்பாட் ரிவோக் கட்டளையில் காரணம் கீகாம்ப்ரமைஸ் என்று கொடுத்து ரத்து செய்துவிட்டு, புதுச் சாவியோடு புதுச் சான்றிதழ் வாங்குங்கள். அதற்கு முன்பே கிட்இக்னோரில் பெம் கோப்புகளைச் சேர்த்துவிட்டால் இந்த வேலையே வராது. நோட் டிஎல்எஸ் ரிஜெக்ட் அன்ஆதரைஸ்ட் என்ற மாறியை 0 ஆக்கினால் எல்லாப் பிழையும் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிழை போகாது, எதிரே இருப்பது யார் என்று பார்ப்பதையே உங்கள் நிரல் நிறுத்திவிடும். பணம் கட்டும் சர்வரோடு பேசுகிற நிரலில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசிச் சோதனையை வீட்டு வைஃபையில் செய்யாமல், போனில் மொபைல் டேட்டாவில், பிரவுசரின் மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் செய்யுங்கள். ஹெச்டிடிபி என்று தட்டினால் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குப் போகிறதா, டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டாலும் திறக்கிறதா, எல்லாப் படங்களும் வருகின்றனவா என்று பாருங்கள். பக்கத்துக்குள் பழைய ஹெச்டிடிபி முகவரி எழுதிய ஸ்கிரிப்ட் இருந்தால் பிரவுசர் அதைத் தடுத்துவிடும். நான் அஸ்தம்பட்டியில் கிளம்பி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்தப் பொத்தானை அமுக்கினேன். இருப்பிடத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டது. சரி என்றேன். மலைமேல் மாமா வீட்டு வாசல்வரை கோடு போட்டுக் காட்டியது.